பக்கத்தில் நிற்பவள்

திருக்குறளிலே "மருந்து" என்றோர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார் வள்ளுவர். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று. நான்காவதாக அவர் வைத்த கூற்றுக்கு "உழைச்செல்வான்" என்று பெயர். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று, மருந்தைப் பிழையாமல் ஊட்டிப் பணிவிடை செய்பவனே உழைச்செல்வான். பள்ளிக்கூடத்தில் இக்குறளை மனனஞ் செய்த நாட்களில், பிற்காலத்தில் நான் மேற்கொள்ளப்போகும் தொழிலின் பெயர் அதனுள்ளே இருக்கிறதென்று நான் எண்ணியதில்லை. தாதியாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே அச்சொல்லின் அருமை எனக்கு விளங்கியது.

2020 ஆம் ஆண்டிலே அந்தப் "பக்கம்" என்ற சொல்லே அச்சத்துக்குரியதாகிவிட்டது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கலாகாது, ஒரு மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்று கடைவாசல்களிற் கோடு கீறினார்கள். உலகம் முழுவதும் விலகி நிற்கப் பழகிக்கொண்டிருந்த வேளையில், விலகி நிற்க இயலாத தொழில் எங்களுடையது. பக்கத்திலும் நிற்க வேண்டும், நோயையும் தொற்றவிடலாகாது. இஃது எவ்வாறு கைகூடும்? இக்கேள்விக்கு நான் கற்ற விடையையும், கற்பதற்குக் கொடுக்க நேர்ந்த விலையையுமே இங்கு எழுத முனைகிறேன்.

வந்த சோதனை

இந்நாட்டில் முதலாவது கொரோனா நோயாளி 2020 ஜனவரி 27 ஆந் திகதி கண்டறியப்பட்டார். அவர் சீனாவிலிருந்து வந்த உல்லாசப் பிரயாணி. அங்கொடையிலுள்ள தொற்றுநோய் வைத்தியசாலையிலே பராமரிக்கப்பட்டுச் சுகமடைந்து வெளியேறினார். காற்று எங்களைத் தொடாமற் போய்விட்டதென்று பலரும் ஆறுதலடைந்தனர். மார்ச் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் இந்நாட்டவர் ஒருவருக்கு நோய் கண்டது. மார்ச் 20 ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நான் அப்பொழுது தலைநகரை அடுத்த ஒரு வைத்தியசாலையிலே கடமையாற்றிக்கொண்டிருந்தேன். ஆண்டு முடியுமுன்னர் எங்கள் வாட்டும் கொரோனா வாட்டாக மாறிவிட்டது.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, அந்த 2020 ஆம் ஆண்டையே தாதியருக்கும் மருத்துவிச்சியருக்கும் உரிய ஆண்டாக உலக சுகாதார ஸ்தாபனம் முன்னரே குறித்து வைத்திருந்தது. விழா எடுக்கக் குறித்த ஆண்டிலே சோதனை வந்து வாசலில் நின்றது. 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் உலகெங்கும் 80,000 முதல் 180,000 வரையிலான சுகாதாரப் பணியாளர் இந்நோயால் இறந்திருக்கலாமென்று அதே ஸ்தாபனம் பின்னர் கணக்கிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் கொடுத்த விலை அது.

உடுப்பதும் களைவதும்

தலை முதற் கால் வரை மூடும் அங்கி, இரண்டு சோடிக் கையுறை, மூக்கையும் வாயையும் இறுகப் பொத்தும் முகக்கவசம், அதன்மேற் கண்ணாடி. எங்கள் நாட்டு வெயிலில் இவற்றை அணிந்து அரைமணி நேரம் நின்றால் வியர்வை காலுறையில் வந்து தேங்கும். கடமை முடியும்வரை நீர் அருந்த முடியாது. மலசலகூடத்துக்குப் போக முடியாது. வெளியார் இக்கோலத்தைக் கண்டு, "இவ்வளவும் அணிந்திருக்கையில் உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்பதுண்டு.

பயம் அணிந்திருக்கும்போதன்று, களையும்போதே. பல மணி நேரம் நோயாளிகளின் நடுவே நின்ற அங்கியின் வெளிப்புறத்தைக் களைப்பு மிகுதியால் ஒரு கணம் மறந்து தொட்டுவிட்டு, அதே கையால் வியர்வை வழியும் கண்ணைத் துடைத்தால் அணிந்ததெல்லாம் வீணாகும். ஆதலால் களைவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டிக் கையுறையைக் களைய வேண்டும். அங்கியையும் அவ்வாறே உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்ற வேண்டும். பின்பு கை கழுவ வேண்டும். கண்ணாடியைப் பின்புறமாகப் பிடித்து அகற்றி, மீண்டும் கை கழுவ வேண்டும். நோயாளிகள் இருக்கும் இடத்தை விட்டு வெளியே வந்த பின்னரே, முன்புறத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்து முகக்கவசத்தைக் கழற்றலாம். அதன் பின்னும் ஒருமுறை கை கழுவ வேண்டும்.

இவ்வொழுங்கைத் தனியே நின்று செய்ய எங்களை விடுவதில்லை. எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு செயலையும் கவனித்துச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு எதிரே பெரும்பாலும் நின்றவர் எங்கள் வாட்டின் மூத்த தாதி. சிங்களப் பெண்மணி, ஐம்பது வயதைக் கடந்தவர். அக்கா என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல்லாதலால் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். அவர் என்னை "நங்கி" என்பார். "அவசரப்படாதே நங்கி, உன் முதுகை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொல்வது இன்றும் காதில் ஒலிக்கிறது. தன் முதுகைத் தானே பார்க்க வல்லவர் எவருமில்லை. பாதுகாப்பைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் அதுதான்.

கையும் காற்றும்

சவர்க்காரத்தைப் போல மலிவான மருந்து வேறொன்று இல்லை. கொரோனா வைரசின் மேலுறை கொழுப்பாலானது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போலவே அந்த உறையையும் சவர்க்காரம் கரைத்துவிடுகிறது. உறை கலைந்த வைரசு செயலற்றுப் போகிறது. ஆனால் அதற்கு இருபது விநாடியாவது தேய்க்க வேண்டும். பெருவிரல், விரல் நுனிகள், விரலிடுக்குகள் ஆகியவையே பெரும்பாலோர் தேய்க்க மறக்கும் இடங்கள். அவையே நாம் எதையும் முதலில் தொடும் இடங்களுமாகும்.

இச்சிறு காரியத்தை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1840களில் வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற பிரிவிலே நூற்றுக்கு 10 தாய்மார் அளவில் இறந்தனர். மருத்துவிச்சியர் பயின்ற பிரிவிலே 4 பேரளவில் இறந்தனர். மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பரிசோதித்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணமென்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டார். 1847 இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவும்படி அவர் கட்டளையிட்டதும் அப்பிரிவின் சாவு 2 பேரளவுக்கு வீழ்ந்தது. ஆயினும், வைத்தியர்களின் கைகளே சாவைக் கொண்டுசென்றன என்ற உண்மையை அக்கால வைத்தியருட் பலர் ஏற்க மறுத்தனர். 1865 இல் அவர் இறந்தபோதும் அவருக்கு உரிய மதிப்புக் கிடைத்திருக்கவில்லை. நல்லெண்ணம் உடையவர் கையிலும் நோய் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வது அன்றும் கடினம், இன்றும் கடினம்.

கையை நாங்கள் நன்றாகவே கழுவினோம். காற்றை மறந்தோம். தொற்றின் தொடக்க மாதங்களில் மேசையையும் கதவுப் பிடியையும் ஓயாது துடைத்தவர்கள், மூச்சோடு வெளிவந்து அறைக்குள்ளே நெடுநேரம் மிதக்கும் நுண்துளிகளைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. காற்றோட்டமில்லாத அறைகளில் இவ்வகையிலும் நோய் பரவுமென்பதை 2021 இல் உலக சுகாதார ஸ்தாபனமும் தெளிவாக எடுத்துரைத்தது. நைற்றிங்கேல் அம்மையார் 1859 இல் வெளியிட்ட தாதியர் நூலின் முதல் அதிகாரமே காற்றோட்டத்தைப் பற்றியதென்பதை நினைக்கும்போது வியப்பே மேலிடுகிறது. கிருமியைப் பற்றிய அறிவு உருவாகுமுன்னரே, யன்னலைத் திறந்து வைப்பதுதான் தாதியின் முதற்கடமையென்று அவர் வகுத்துவிட்டார்.

முகக்கவசத்தின் கதையும் பழையதே. 1910 - 11 இல் மஞ்சூரியாவிலே நுரையீரலைத் தாக்கும் பிளேக்கு நோய் பரவி ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்றது. பினாங்கிலே பிறந்த ஊ லியென் தே என்ற சீன டாக்டர், நோய் மூச்சுவழிப் பரவுகிறதென்று கூறிப் பஞ்சும் மெல்லிய துணியும் சேர்த்துத் தைத்த முகக்கவசத்தை அணியச் சொன்னார். அவர் சொல்லை ஏற்காமல் வெறும் முகத்தோடு வாட்டுக்குட் சென்ற பிரெஞ்சு டாக்டர் ஒருவர் சில நாட்களில் அந்நோய்க்கே பலியானார். இன்று நாங்கள் அணியும் என்-95 கவசம், ஒழுங்காகப் பொருந்தினால், மிக நுண்ணிய துகள்களில் நூற்றுக்கு 95 வீதத்தைத் தடுக்கவல்லது. பொருந்தாமல் ஒரு பக்கம் இடைவெளி விழுந்தாலோ, காற்று அந்த வழியையே நாடும்.

முகம்

முகத்தை மூடியதால் நாங்கள் காப்பாற்றப்பட்டோம். நோயாளிகளோ முகமற்றவர்கள் நடுவே விடப்பட்டார்கள். உற்றார் உள்ளே வர முடியாது. வந்து நிற்பவர் எல்லோரும் ஒரே வெள்ளை உருவம்.

2020 நவம்பரில் எங்கள் வாட்டில் முதியவர் ஒருவர் இருந்தார். வடபகுதியில் ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். மகன் வீட்டுக்கு வந்த இடத்திலே நோய்ப்பட்டார். சிங்களம் தெரியாது. இரண்டாம் நாள் என்னைக் கைகாட்டி நிறுத்தி, "எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரியிறியள். உங்களுக்கை தமிழ்ப் பிள்ளை ஆர்?" என்று கேட்டார். மறுநாள் அங்கியின் மார்பிலே என் பெயரைத் தமிழில் எழுதும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். கையுறையணிந்தபின் தன் மார்பில் தானே எழுத முடியாதல்லவா? என்னிடம் கற்ற சில தமிழெழுத்துக்களைக் கொண்டு அவர் ஒருவாறு எழுதிவிட்டார். முதியவர் அதை உற்றுப் பார்த்தார். ஒட்சிசன் குழாயுடனே சிரித்து, "பேரிலை எழுத்துப் பிழை இருக்குது, பிள்ளை" என்றார். சற்றுப் பொறுத்து, "பேர் தெரியுது, முகந்தான் தெரியேல்லை" என்றார்.

அந்த வாட்டுக்குள்ளே என் முகத்தைக் காட்ட என்னால் இயலாது. கடமை முடிந்து, அங்கி களைந்து, குளித்து உடைமாற்றியபின், வெளிவிறாந்தையால் நடந்து அவர் கட்டிலுக்கு நேரே கண்ணாடிக்கு வெளியே போய் நின்றேன். அங்கே திறந்த வெளி, அருகில் எவருமில்லை. முகக்கவசத்தைக் கழற்றினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார், ஏதோ சொன்னார். கண்ணாடியூடே அது கேட்கவில்லை. இரண்டு கிழமையில் சுகமாகி வீடு சென்றார்.

விதியை மீறாமலே முகத்தைக் காட்ட ஒரு வழி இருந்தது. அதைத் தேடத்தான் வேண்டியிருந்தது. நோய் எவ்வழியாக வருகிறது, எவ்வழியாக வரவில்லை என்று அறிந்தவரே அத்தகைய வழியைத் தேட முடியும். அறியாத இடத்தில் அச்சம் ஆட்சி செய்யும். இந்நாட்டிலே 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இந்நோயால் இறந்தோர் யாவரையும் எரிக்கவே வேண்டுமென்று சட்டம் இருந்தது. அடக்கம் செய்வதும் எரிப்பதும் இரண்டும் ஏற்கத்தக்கனவே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். அப்படியிருந்தும், அடக்கஞ் செய்வதையே சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் தங்கள் உறவினரின் உடல்களைத் தீக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு நின்றார்கள். 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆயினும் அக்குடும்பங்களுக்கு அந்த நாள் திரும்பி வரப்போவதில்லை. பாதுகாப்பென்ற பெயரில் அறிவுக்குப் புறம்பாகச் செய்யப்படும் எதுவும் பாதுகாப்பன்று.

தேநீர் மேசை

பிறரைப் பற்றி எழுதுவது எளிது. இனி என்னைப் பற்றி எழுத வேண்டும்.

அது 2020 டிசம்பர் மாதம். தடுப்பூசி இந்நாட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஒருநாட் காலை எழுந்தபோது தொண்டையில் இலேசான கரகரப்பு. முதல்நாள் இரவுக் கடமையின் களைப்பென்று எண்ணினேன். சகதாதியர் சிலர் தனிமைப்படுத்தப்பட்டிருந்தமையால் வாட்டில் ஆட்கள் போதாமலிருந்தனர். நான் போகாவிட்டால் என் பங்கையும் மற்றவர்கள் சுமக்க வேண்டும். கடமையுணர்ச்சி என்று நான் அன்று நம்பிய ஒன்று என்னைக் கைபிடித்து அழைத்துச் சென்றது.

வாட்டுக்குள்ளே ஒரு பிழையும் விடவில்லை. அங்கியை ஒழுங்காக அணிந்தேன், ஒழுங்காகக் களைந்தேன், கை கழுவினேன். பின்னர் நாங்கள் நால்வர் தேநீர் அறைக்குச் சென்றோம். சிறிய அறை. வெளியே மழை, யன்னல் சாத்தியிருந்தது. முகக்கவசங்களைக் கழற்றிவிட்டுப் பணிசும் தேநீரும் அருந்தினோம். யாரோ சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்தோம். கால்மணி நேரத்துக்கு மேல் இராது.

அன்றிரவு எனக்குக் காய்ச்சல் கண்டது. பி.சி.ஆர். பரிசோதனையில் நோய் உறுதியாயிற்று. சில நாட்களில் மேசையிலிருந்த மற்ற மூவருள் இருவருக்கும் நோய் உறுதியாயிற்று. ஒருவர் இளையவர், தடிமனளவில் தப்பினார். மற்றவர் அக்கா. அவருக்கு நீரிழிவு இருந்தது. பதினொரு நாட்கள் ஒட்சிசனோடு கிடந்தார்.

நோயாளிகளின் நடுவே மாதக்கணக்காக நின்றும் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. என் பக்கத்திற் கால்மணி நேரம் இருந்ததால் நேர்ந்தது. இந்நோய் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பரவவல்லது. ஆகவே அன்று நான் வீட்டிலிருந்திருந்தாலும் முதல்நாளே தொற்றியிருக்கக்கூடும் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் காலையில் தொண்டை எனக்கு அறிவித்தது, நான் கேட்கவில்லை. இது எனக்குத் தெரியும்.

அக்கா வீடு திரும்பியபின் தொலைபேசியிற் பேசினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "நீ வருத்தத்தோடு வந்தது பிழைதான், நங்கி. ஆனால், மழைச்சாரல் அடிக்கிறது, யன்னலைச் சாத்துங்கள் என்று சொன்னவள் நான். நாளைக்கு நீ வராவிட்டால் வாட்டு என்ன ஆகும் என்று முதல்நாள் உன்னைக் கேட்டவளும் நான்தான்" என்றார். பிறகு, "உள்ளே இருக்கும்போது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தோம். வெளியே வந்ததும் எல்லோரும் பார்ப்பதை விட்டுவிட்டோம்" என்றார்.

அதன் பின்னர் எங்கள் வாட்டிலே சில வழக்கங்கள் மாறின. தேநீரை விறாந்தையில் இருவர் இருவராக விலகியிருந்து அருந்தினோம். அறையின் யன்னல் மழையிலும் திறந்திருந்தது. நனைந்த நிலத்தைத் துடைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாட் காலையிலும் ஒருவரையொருவர் "உடம்பு எப்படி?" என்று கேட்பது ஒரு விதியாயிற்று. முன்பெல்லாம் சுகயீன லீவு எடுப்பவளைச் சோம்பேறி என்று முணுமுணுப்போம். இப்பொழுது "இன்று எனக்குத் தொண்டை சரியில்லை, வரமாட்டேன்" என்று சொன்னவளுக்கு நன்றி சொன்னோம். என்னைக் கேட்டால், வாட்டில் நிகழ்ந்த மாற்றங்களுள் மிகப் பெரியது அதுவே. 2021 ஜனவரி 29 ஆந் திகதி இந்நாட்டில் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினார்கள். சுகாதாரப் பணியாளருக்கு முதலிடம் கிடைத்தது. அக்கா மீண்டும் கடமைக்கு வந்தபின், இருவரும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டோம்.

எஞ்சிய பாடம்

2023 மே 5 ஆந் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இந்நோய் பற்றிய அவசர நிலையை முடித்துக்கொண்டது. இந்நாட்டில் மட்டும் 16,000க்கும் மேற்பட்டோரை இழந்திருந்தோம். இன்று கடைவாசல்களில் அந்தக் கோடுகள் அழிந்துவிட்டன. அவை அழிந்தது நல்லதே. மனிதர் விலகி நின்றே வாழ முடியாது.

ஆனால் வைரசு என்னும் இனம் அழியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இருமலோடு வரும் பிள்ளையை, வரவுப் பதிவுக்காக வகுப்பிலே இருத்தி வைக்கும் ஆசிரியர்களைக் காண்கிறேன். ஒரு நாளேனும் தவறாமல் வந்த மாணவனுக்குப் பரிசு கொடுக்கிறோம். அப்பரிசு எத்தனை பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வழிவகுத்தது என்று நாம் எண்ணுவதில்லை. நானும் அப்பரிசைப் பெற்று வளர்ந்தவளே. அன்றைய காலை என்னைக் கடமைக்கு இழுத்துச் சென்றதில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

வள்ளுவர் சொன்ன உழைச்செல்வானுக்குரிய இடம் நோயாளியின் பக்கம். அப்பக்கத்திலே நிற்பதற்கு முன்னர், நான் எதைக் கொண்டுவந்து நிற்கிறேன் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். துணிவு அதற்குப் பிறகே வேண்டப்படுவது. அந்தக் கேள்வியை நான் ஒரு நாள் கேட்க மறந்தேன். அக்கா இப்பொழுது இளைப்பாறிவிட்டார். படியேறும்போது இன்னும் இடையிலே நின்று மூச்சு வாங்குகிறார் என்று அவர் மகள் சொன்னாள். அவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், வாசலில் நின்று, என் தொண்டை எப்படியிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்த பின்னரே கதவைத் தட்டுகிறேன். அவர் கதவைத் திறக்கிறார். பிறகு யன்னலையும் திறக்கிறார்.